ஓநாய்க்குத் தெரியாத பெயர்

அந்தக் காலத்தில் ஆடுமாடுகளுக்கு நம்மைப் போலவே பேச்சு இருந்தது. பசித்தால் பசிக்கிறது என்று சொல்லும். முள் குத்தினால் எந்தக் காலில் குத்தியது என்று காட்டிச் சொல்லும். ஆனால் அவற்றுக்குத் தனித்தனியாகப் பெயர் கிடையாது. மனிதர்களுக்கு மட்டும்தான் ஆளுக்கு ஒரு பெயர். ஆடு என்றால் எல்லா ஆடும் ஆடு. ஓநாய் என்றால் எல்லா ஓநாயும் ஓநாய். இனத்துக்கு ஒரு பெயர் இருந்தால் போதும் என்று மனிதர்களும் இருந்தார்கள், விலங்குகளும் இருந்தன. அதில் ஒரு குறை இருப்பது, அந்த மார்கழி வரும்வரை, யாருக்கும் தெரியவில்லை.

குருவம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். செம்மண் மேடும் உடைமரக் காடுமாகக் கிடந்த ஒரு வறண்ட சீமையில் நாற்பது வெள்ளாடுகளை மேய்த்துவந்தாள். அவளுக்குத் துணையாக அவள் மதினி சடைச்சி. சடைச்சியின் புருஷன், அதாவது குருவம்மாளின் அண்ணன் சோணைமுத்து, செம்மறிகளை ஓட்டிக்கொண்டு தெற்கே வயல்காட்டில் எருவுக்குக் கிடை போடப் போயிருந்தான். பொங்கலுக்குத்தான் திரும்புவான். அதுவரைக்கும் இந்த இரண்டு பெண்களும் ஓடைக்கரையில் முள் வெட்டிப்போட்டுப் பட்டி அடைத்து, வெள்ளாடுகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு பேருக்கும் சுபாவம் வேறு. சடைச்சி கணக்காகப் பேசுவாள், கையில் கம்பு இல்லாமல் நடக்க மாட்டாள். குருவம்மாள் ஆடுகளை வாய் ஓயாமல் திட்டுவாள், ஆனால் ஒரு குட்டிக்குக் காய்ச்சல் என்றால் அதைத் தன் சேலைக்குள் வைத்துக்கொண்டுதான் படுப்பாள். நாற்பது ஆடுகளும் அவளை ‘ஆத்தா’ என்றுதான் கூப்பிடும்.

அந்த வருஷம் மழை சரியாகப் பெய்யவில்லை. தழை குறைவு. விடிந்ததும் ஆடுகள் பசி தாங்காமல் கத்தும். பனி விலகட்டும் என்று காத்திருக்க முடியாமல் பட்டியைத் திறந்துவிட்டுத்தான் ஆக வேண்டும். மார்கழிப் பனியோ, நீட்டிய கை தெரியாத பனி. ஆடுகள் அதற்குள் நுழைந்து காணாமல் போய்விடும். குருவம்மாள் நடுவில் நின்றுகொண்டு, “ஆடே, வா! ஆடே, இங்கிட்டு வா!” என்று குரல் கொடுப்பாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அவை மேயும்.

ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் ஒரு ஓநாய் இருந்தது. கூட்டத்தை விட்டுத் தனியாக வந்த கிழட்டு ஓநாய். பாய்ந்து பிடிக்கிற வயசு போய்விட்டது. சடைச்சியின் கம்புக்கும் கிடாய்களின் கொம்புக்கும் அதற்குப் பயம். ஆனால் காது நல்ல காது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் கள்ளிப் புதருக்குள் படுத்துக்கொண்டு குருவம்மாளின் குரலைக் கேட்டது. கேட்டதைத் தன் தொண்டைக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தது. மார்கழி பிறந்தபோது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் குருவம்மாளே பேசுகிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முதல் பனி விழுந்த காலையில், ஓடைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. “ஆடே, இங்கிட்டு வா.”

ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு ஆடு நிமிர்ந்து பார்த்தது. ஆடு என்பது தன் பெயர்தானே? குரலும் ஆத்தா குரல்தானே? நடந்து போனது. திரும்பி வரவில்லை.

உச்சிப்பொழுதில் பனி விலகி, ஆடுகளை எண்ணிப் பார்த்தபோது முப்பத்தொன்பதுதான் இருந்தது.

“ஆடு ஒண்ணு குறையுது மதினி” என்று ஓடிவந்தாள் குருவம்மாள்.

“எந்த ஆடு?”

குருவம்மாள் வாயைத் திறந்தாள். சொல்ல ஒன்றும் வரவில்லை. “ஆடு... வெள்ளாடு...”

“எல்லாம் வெள்ளாடுதானே குருவு? எதுன்னு சொல்லு.”

“கஞ்சி குடிக்கிறப்ப வந்து என் முழங்கையை நக்குமே, அது. உப்புக்கரிக்குதுன்னு சொல்லிச் சொல்லி நக்குமே.”

சடைச்சிக்கு அது எதுவென்று பிடிபடவில்லை. தேடிப் போனார்கள். பள்ளத்தின் விளிம்பில் கொஞ்சம் ரோமமும் ரத்தமும் கிடந்தன. குருவம்மாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழ வேண்டும் போல் இருந்தது. ஆனால் என்ன சொல்லி அழுவது? “என் ஆடே” என்று அழுதால், பின்னால் நிற்கிற முப்பத்தொன்பதும், “என்ன ஆத்தா?” என்று கேட்டன.

அடுத்த வாரத்துக்குள் இன்னும் இரண்டு போயிற்று. எப்படிப் போகிறது என்பதை ஒரு கறுத்த பெட்டை ஆடுதான் கண்டுபிடித்துக் கொடுத்தது. அது சும்மாவே இருக்காது, எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும்.

“ஆத்தா, காலையில ஓடைக்கிட்ட நின்னு எதுக்கு எங்களைக் கூப்பிடுற? அங்கதான் தழையே இல்லையே?”

“நான் எப்படி ஓடைக்கிட்ட நிப்பேன்? நான் இங்கதான நின்னேன்?”

“உன் குரல் அங்கிட்டு இருந்துதானே வந்துச்சு?”

ஓநாய்தான் குருவம்மாளின் குரலில் கூப்பிடுகிறது என்று பெண்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான் புரிந்தது.

சடைச்சிதான் முதல் யோசனையைச் சொன்னாள். “ஆடேன்னு கூப்பிடுறதாலதான் ஒத்தையா ஒண்ணு போய் மாட்டுது. இனிமே மந்தையேன்னு கூப்பிடு. வந்தா எல்லாம் ஒண்ணா வரட்டும். இத்தனை ஆட்டை அது என்ன செஞ்சிரும்?”

நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. மறுநாளிலிருந்து குருவம்மாள், “மந்தையே, வா!” என்றாள். மந்தை முழுவதும் ஒரே உடம்பு போல் திரும்பி வந்தது. ஓநாய் எவ்வளவு கூப்பிட்டும், ‘ஆடே’ என்ற சொல்லுக்கு ஒன்றும் அசையவில்லை. நாலு நாள் நிம்மதியாகப் போயிற்று.

ஐந்தாம் நாள் காலையில் பள்ளத்திலிருந்து குருவம்மாளின் குரல் கேட்டது. “மந்தையே, வா! ஓடி வா!”

உண்மையான குருவம்மாள், “போகாதீங்க! அது நான் இல்லை!” என்று கத்துவதற்குள் முப்பத்தேழு ஆடுகளும் பள்ளத்தை நோக்கி ஓடிவிட்டன. முன்னால் போனவை விளிம்பைப் பார்த்து நின்றன. பின்னால் வந்தவை அவற்றைத் தள்ளின. நாலு ஆடுகள் உருண்டு விழுந்து செத்தன. கறுத்த ஆடும் விழுந்தது, ஆனால் ஒரு புதரில் சிக்கிக்கொண்டது. சடைச்சி சேலையை முறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கி அதைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தாள். அதன் பின்னங்கால் ஒன்று அதற்குப் பிறகு நேராக நிற்கவேயில்லை.

“என் வாயாலதான் இது நடந்துச்சு. மந்தைன்னு கூப்பிடச் சொன்னதே நான்தான்” என்று சடைச்சி அன்றைக்கு முழுவதும் கஞ்சி குடிக்கவில்லை.

அதற்கப்புறம் வேறு வேறு சொல்லாக மாற்றிப் பார்த்தார்கள். ஆடு, மந்தை என்ற பேச்சே எடுக்காமல் “உப்பு!” என்றாள் குருவம்மாள், உப்புக்கு ஆடு உயிரை விடும். இரண்டு நாளில் ஓநாயும் “உப்பு!” என்றது. ஒரு கிடாய் நாக்கைச் சப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. கடைசியில் கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைச் சொல்லிப் பார்த்தாள். “ஆபத்து!” என்று அவள் கத்தினால் எல்லாம் அவள் காலடிக்கு வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. அதையும் ஓநாய் கற்றுக்கொண்டது. பனிக்குள் இந்தப் பக்கம் நின்று ஒரு தடவை, அந்தப் பக்கம் நின்று ஒரு தடவை, “ஆபத்து! ஆபத்து!” என்று அலறியது. எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் ஆடுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு சுற்றின. அன்றைக்கும் ஒன்று போயிற்று.

மீதி முப்பத்தொன்று.

“பேசாம எங்க வீட்டுக்காரர் இருக்கிற பக்கம் ஓட்டிக்கிட்டுப் போயிருவோம் குருவு” என்றாள் சடைச்சி.

“மூணு நாள் நடை மதினி. வழியெல்லாம் காடு. காலையில பனி. போய்ச் சேர்றப்ப நீங்களும் நானும் மட்டும்தான் இருப்போம்.”

“அப்ப இங்க இருந்தா மட்டும்?”

 பொங்கலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

மறுநாள் பனி முன்னெப்போதையும்விடக் கனமாக இறங்கியது. ஆடுகள் பட்டிக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தன. இருக்கிற தழையையாவது வெட்டிக் கொண்டுவந்து போடலாம் என்று குருவம்மாள் அரிவாளோடு பட்டிக்கு வெளியே வந்தாள். சடைச்சி எங்கேயோ விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஓநாய்க்கு வெற்றி மேல் வெற்றி வந்து துணிச்சல் கூடியிருந்தது. இந்த இரண்டு பேரையும் பிரித்து ஒருத்தியை ஓடை வரைக்கும் இழுத்துவிட்டால், பட்டிக்குள்ளேயே புகுந்துவிடலாம் என்று திட்டம் போட்டது. இந்தத் தடவை அது எடுத்தது சடைச்சியின் குரல்.

“பொம்பளே! ஏ பொம்பளே! சீக்கிரம் ஓடி வா!”

மதினிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று குருவம்மாள் பத்தடி ஓடினாள். சட்டென்று நின்றாள்.

பொம்பளையா? மதினி எப்போது அவளைப் பொம்பளை என்று கூப்பிட்டாள்? தாலி கட்டி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, கோபம் வந்தாலும் சரி, சிரிப்பு வந்தாலும் சரி, குருவு என்றுதானே கூப்பிடுகிறாள்?

குருவம்மாள் ஓடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, “மதினி!” என்று கூவினாள்.

“என்ன குருவு?” என்றது சடைச்சியின் குரல், நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து.

  குருவம்மாள் அரிவாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சடைச்சியிடம் ஓடினாள். மூச்சு வாங்கியது, ஆனால் முகத்தில் சிரிப்பு.

“மதினி, அதுக்கு என் பேர் தெரியாது!”

“எதுக்கு?”

“ஓநாய்க்கு! பொம்பளேன்னு கூப்பிடுது. இத்தனை நாளா நீங்க என்னைக் குருவு குருவுன்னு கூப்பிடுறதை அது கேட்டுக்கிட்டுத்தான் கிடக்குது. ஆனா அது என் பேர்னு அதுக்குத் தெரியலை!”

அது நிஜம்தான். ஓநாய் அந்தச் சொல்லை ஆயிரம் தடவை கேட்டிருந்தது. ஆனால் இனத்துக்கு ஒரு பெயர் என்று மட்டுமே தெரிந்த பிராணி அது. இந்தப் பெண்கள் ஏதோ ஒரு குருவியைக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தது.

சடைச்சி விறகைக் கீழே போட்டாள். “சரி, தெரியலை. அதனால என்ன?”

“ஆடுன்னு யார் வேணாலும் சொல்லிரலாம் மதினி. நாலு காலையும் கொம்பையும் பார்த்தாலே தெரியுது. நிறைய நின்னா மந்தைன்னு தெரியுது. உப்பு நாக்குக்குத் தெரியுது. ஆபத்து கண்ணுக்குத் தெரியாட்டியும் ஓநாய்க்கும் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்குல்ல, பயம்னா என்னன்னு அதுக்கும் தெரியும். ஆனா என்னை விடிஞ்சு பொழுது அடையிற வரைக்கும் உத்துப் பார்த்தாலும் நான் குருவம்மான்னு கண்டுபிடிக்க முடியுமா? நமக்குத் தெரிஞ்சாத்தான் உண்டு.”

சடைச்சிக்கு மெல்ல மெல்ல விளங்கியது. “ஆட்டுக்குப் பேர் வைக்கப் போறியா? மனுசருக்கு வைக்கிற மாதிரி? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க குருவு.”

“சிரிக்கட்டும். ஆட்டோட வந்து சிரிக்கச் சொல்லுங்க.”

வெயில் ஏறியதும் ஆடுகளையெல்லாம் பட்டிக்குள் வட்டமாக உட்கார வைத்தார்கள். இதுவரை உலகத்தில் யாரும் செய்யாத காரியம். எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. சடைச்சி ஒரு வெள்ளை ஆட்டைப் பிடித்து, “இவ வெள்ளச்சி” என்றாள். உடனே பதினோரு வெள்ளை ஆடுகள் எழுந்து வந்து நின்றன.

“பார்த்தா தெரியிற பேர் வேணாம் மதினி” என்றாள் குருவம்மாள். “அது மறுபடியும் ஓநாய் வாய்க்குள்ளதான் போகும்.”

ஒவ்வொன்றாக மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முகத்தைக் கையில் பிடித்து, கொஞ்ச நேரம் சும்மா பார்த்தாள். பிறகு காதைத் தூக்கி, அதற்குள் மூன்று தடவை பெயரைச் சொன்னாள். முதலில் வந்தது பெரிய கிடாய். அது ‘சண்டியன்’. அது காதை உதறிவிட்டு, “இந்தப் பேரை வேற யாருக்கும் வச்சிர மாட்டியே ஆத்தா?” என்று கேட்டது. மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தது. அதன் நடையே மாறிவிட்டது. அடுத்தது ‘முனியன்’. அப்புறம் ‘ராக்கு’. இரண்டு குட்டிகள் ஒரே பெயருக்குச் சண்டை போட்டன. ஒரு குட்டி வைத்த பெயர் பிடிக்கவில்லை என்று மூன்று தடவை திரும்பி வந்தது. கடைசியில் ‘செங்கமலம்’ என்றதும்தான் வாலை ஆட்டியது. மூத்த கிழட்டு ஆடு ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது.

“பேரெல்லாம் எனக்கு வேணாம். ஆடுங்கிறதே போதும். எங்க அம்மாவும் ஆடுதான்.”

“அது உன் இனத்துக்குப் பேர். உனக்கு இல்லை.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“நீ இல்லாம போயிட்டா நான் என்ன சொல்லி உன்னைத் தேடுவேன்?” என்றாள் குருவம்மாள்.

கிழட்டு ஆடு கிட்டே வந்தது. காதைக் காட்டியது. ‘நாச்சி’ என்று அதற்குப் பெயர் வந்தது.

நொண்டிக் கால் கறுத்த ஆடு கடைசியாக வந்தது. “எனக்கு என்ன பேர்? ஏன் அந்தப் பேர்? யாருக்கெல்லாம் அது தெரியும்? எனக்கே மறந்துபோனா?” என்று அடுக்கிக்கொண்டே போனது.

“நீ பேச்சி” என்றாள் குருவம்மாள், சிரித்துக்கொண்டே. சடைச்சியும் எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

எல்லாம் முடிந்த பிறகும் குருவம்மாள் எழுந்திருக்கவில்லை. “போனதுகளுக்கும் வைக்கணும் மதினி” என்றாள். முழங்கையை நக்கினவளுக்குச் செல்லி. உப்புக்குப் போன கிடாய்க்கு மாசானம். இப்படி ஒன்பதுக்கும், பள்ளத்தைப் பார்த்து உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கண்ணீர் வழிந்தது. இத்தனை நாளும் தொண்டையில் நின்றுகொண்டிருந்த அழுகை அன்றைக்கு வழி கிடைத்து வெளியே வந்தது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடுகளிடம் கண்டிப்பாகச் சொன்னாள். “நாளையிலேர்ந்து யார் குரல்ல எந்தச் சத்தம் வந்தாலும் அசையக் கூடாது. உன் பேரைச் சொன்னா மட்டும் வாயைத் திற. பக்கத்துல இருக்கிறவ பேரைச் சொன்னா, மேயிற தழையை விட்டுத் தலையைக்கூடத் தூக்காத.”

சாயங்காலம் மேய்ச்சலில், “பேச்சி, வாடி!” என்று குருவம்மாள் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். நொண்டி ஆடு ஓடி வந்தது. எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்த ஓநாயின் காதில் அது விழுந்தது. ஓநாய் தலையைச் சாய்த்து யோசித்தது. ‘பேச்சி என்கிறாள், ஆடு வருகிறது. ஓகோ! ஆட்டுக்குப் பெயரை மாற்றிவிட்டார்கள். இனிமேல் ஆடு இல்லை, பேச்சி.’ தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கிப் போயிற்று.

மறுநாள் காலை. பனி. குருவம்மாள் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். பேச்சி அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. மற்ற முப்பதும் சுற்றிலும் மேய்ந்துகொண்டிருந்தன. சடைச்சி கம்பை ஊன்றி நின்றாள்.

“ஆடே, இங்கிட்டு வா” என்றது பனிக்குள்ளிருந்து குரல்.

தழை கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“மந்தையே, வா!”

ஒன்றும் நகரவில்லை. ஓநாய் “உப்பு!” என்றது. நாக்கு ஊறியதுதான், ஆனால் ஒரு கால்கூட எடுத்து வைக்கவில்லை. “ஆபத்து! ஆபத்து!” என்று அலறியது. குட்டிகள் நடுங்கின. நாச்சி அவற்றை ஒட்டி நின்றுகொண்டு, “நம்ம பேர் வரலை. மேயுங்க” என்றது.

 பிறகு, வெண்ணெய் போல் குழைந்து வந்தது அந்தக் குரல். “பேச்சி... பேச்சி, வாடி!”

இப்போது ஒரு ஆடு இல்லை, பத்து ஆடுகளாவது ஓடி வரும் என்று ஓநாய் வாயைத் திறந்து வைத்திருந்தது. முப்பது ஆடுகள் அது தங்கள் பெயர் இல்லையென்று மேய்ந்துகொண்டே இருந்தன. பேச்சி மட்டும் தலையைத் தூக்கியது. ஆத்தாவின் முகத்தைப் பார்த்தது. ஆத்தாவின் வாய் மூடியிருந்தது. ஆத்தாவின் குரலோ ஓடைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.

“இங்க இருக்கிற என்னை அங்க இருந்து கூப்பிடுறது யாரு ஆத்தா?” என்று அது மெல்லக் கேட்டது.

குருவம்மாள் அதன் காதில் ஏதோ சொன்னாள். பேச்சி எழுந்து நின்று, தன் வழக்கம் போல் உரக்கக் கேட்டது. “வரேன் ஆத்தா! எந்தப் பக்கம் வரணும்?”

“இந்தப் பக்கம்தான், வா, வா” என்றது ஓநாய், சந்தோஷம் தாங்காமல்.

“எனக்குக் கால் சரியில்லையே. பனியில ஒண்ணும் தெரியலை. எந்த மரத்துக்கிட்ட?”

“சாஞ்சு கிடக்குதே உடைமரம், அதுக்குப் பின்னால.”

“முன்னாலயா, பின்னாலயா?”

“பின்னால! பின்னால! ஓடை எனக்கு இடது பக்கம் இருக்கு, வா!”

குருவம்மாள் அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. பனிக்குள் மிக மெதுவாகக் கூப்பிட்டாள். “சண்டியன்.” பெரிய கிடாய் மட்டும் வந்து நின்றது. வேறு ஒன்றும் அசையவில்லை. “முனியன்.” அது வந்தது. “ராக்கு.” இப்படிக் கொம்பு முற்றிய ஒன்பது ஆடுகளைத் தனித்தனியாகப் பொறுக்கி எடுத்தாள். சண்டியனை ஓடைப் பக்கம் அனுப்பினாள். முனியனை மேட்டுப் பக்கம். ராக்குவைப் பள்ளத்துக்குப் போகிற வழியில். ‘ஆடே’ என்று கூப்பிட்டிருந்தால் எல்லாம் ஒன்றாக வந்து மோதியிருக்கும். ‘மந்தையே’ என்றிருந்தால் ஒரு பக்கமாகவே பாய்ந்திருக்கும். பெயர் இருந்ததால், யாரை எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்த முடிந்தது. பேச்சி அதுவரைக்கும் ஓநாயிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது.

“வந்துட்டியா?” என்றது ஓநாய்.

“வந்துட்டேன்” என்றாள் குருவம்மாள், தன் சொந்தக் குரலில்.

ஓநாய்க்குத் தன் குரல் எதிரொலிக்கிறதோ என்று ஒரு கணம் குழப்பம். அதற்குள், “சண்டியா!” என்றாள் அவள். ஓடைப் பக்கமிருந்து பெரிய கிடாய் பாய்ந்து வந்து விலாவில் முட்டியது. ஓநாய் மேட்டுப் பக்கம் திரும்பியது, முனியன் நின்றது. பள்ளத்துக்கு ஓடப் பார்த்தது. ராக்குவின் கொம்பு நீட்டியிருந்தது. சடைச்சி வந்து சேர்ந்தாள். பள்ளத்தில் விழுந்த நாலு ஆடுகளின் பெயர்களையும் சொல்லிச் சொல்லி, பெயருக்கு ஒரு அடி போட்டாள்.

ஓநாய் தனக்குத் தெரிந்த சொல்லையெல்லாம் எடுத்து வீசியது. “ஆடே! மந்தையே! உப்பு! ஆபத்து! பேச்சி! பேச்சி!” ஒரு ஆடும் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சி மட்டும், “என் பேரைச் சொல்லாத, அது உன்னோடது இல்லை” என்றது.

ஓநாய் எப்படியோ கொம்புகளுக்கு நடுவில் நுழைந்து, ஓடையைத் தாண்டி, காட்டைத் தாண்டி, மலை வரைக்கும் ஓடிற்று. அங்கே போய் ஒரு பாறை மேல் நின்று மறுபடியும் கூப்பிட்டுப் பார்த்தது. யாரும் பதில் சொல்லாத சொற்களை எத்தனை தடவை சொல்ல முடியும்? ஒவ்வொரு சொல்லாக அதன் வாயிலிருந்து உதிர்ந்து போயிற்று. கடைசியில் மிஞ்சியது ஒரு ‘ஊ’ மட்டும்தான்.

இங்கே பனி கலைந்து வெயில் அடித்தது. குருவம்மாள் கல்லின் மேல் ஏறி நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். “நாச்சி!” “இருக்கேன் ஆத்தா!” “செங்கமலம்!” “இருக்கேன்!” முப்பத்தொரு பெயர், முப்பத்தொரு பதில். சடைச்சி கம்பைத் தூக்கி எறிந்துவிட்டுக் குலவையிட்டாள். ஆடுகளெல்லாம் கூடவே கத்தின. அந்தச் சத்தம் கேட்டுப் பக்கத்துக் காட்டில் மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து என்ன ஏது என்று கேட்டார்கள். சிரிக்க வந்தவர்கள்கூட, அவள் ஒரு பெயரைச் சொன்னதும் இருந்த மந்தையில் ஒரே ஒரு ஆடு தலை நிமிர்வதைப் பார்த்துவிட்டு, அப்படியே நின்றார்கள். அன்றைக்குச் சாயங்காலமே தங்கள் பட்டிகளில் போய் உட்கார்ந்து காது காதாகப் பெயர் ஓதத் தொடங்கினார்கள்.

பொங்கலுக்கு வந்த சோணைமுத்துவும் அதைப் பார்த்தான். தன்னுடைய செம்மறிகளைத் திரும்பிப் பார்த்தான். “தங்கச்சி, இங்க நானூறு நிக்குதே?”

“உட்காருங்கண்ணே” என்றாள் குருவம்மாள், முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு. “நானூறு பேர் இல்லாமலா போயிரும்?”

பிற்பாடு ஆடுமாடுகளுக்குப் பேச்சு போய்விட்டது. காதில் வாங்கிய பெயர் மட்டும் போகவில்லை. அன்று முதல்தான் மேய்க்கிறவர்கள் ஒவ்வொரு ஆட்டுக்கும் தனியாக ஒரு பெயர் வைக்கிறார்கள். நூறு ஆடுகளுக்கு நடுவில் ஒரு பெயரைச் சொன்னால், அதற்கு உரியது மட்டும் கழுத்தைத் திருப்புகிறது, மற்ற தொண்ணூற்றொன்பதும் மேய்ந்துகொண்டே இருக்கின்றன. ஓநாய் மட்டும் யாருடைய பெயரும் தெரியாமல் மலையில் நின்று ஊளையிட்டுக்கொண்டிருக்கிறது.